உலோகம் எப்போது உடையும்?

தேஜஸ் மார்க்-1ஏ போர் விமானங்களுக்காக 99 எஃப்-404 என்ஜின்களை அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்திடம் வாங்க, ஹிந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ் நிறுவனம் 2021 ஆகஸ்டில் ஒப்பந்தம் செய்தது. மதிப்பு ரூ.5,375 கோடி. முதல் என்ஜின் கைக்கு வந்தது 2025 மார்ச்சில். விமானத்தின் உடல் தயாராகியும் என்ஜின் வராமல் காத்திருந்த கதையை நாளேடுகள் விரிவாகவே எழுதின. அதற்குப் பிறகும், 2025 நவம்பரில் மேலும் 113 என்ஜின்களுக்கு அதே நிறுவனத்துடன் ஒப்பந்தம் ஆகியிருக்கிறது. இப்போதைக்கு வேறு வழியில்லை என்பதுதான் உண்மை.

அடுத்த தலைமுறைப் போர் விமானத்துக்கான என்ஜினை பிரான்ஸின் சாஃப்ரான் நிறுவனத்துடன் சேர்ந்து இந்தியாவிலேயே உருவாக்கப்போவதாகப் பாதுகாப்புத் துறை அமைச்சர் ராஜ்நாத் சிங் 2025 ஆகஸ்டில் அறிவித்தார். எஃப்-414 என்ஜினை உள்நாட்டில் தயாரிப்பது குறித்த பேச்சு 2023 முதல் நடந்து வருகிறது. அதில் 80 சதவீதத் தொழில்நுட்பம் நமக்குக் கிடைக்கும் என்று திரும்பத் திரும்பச் சொல்லப்படுகிறது. பொருளாதாரம் படித்தவனுக்கு இத்தகைய சதவீதங்கள் மீது இயல்பாகவே ஓர் ஐயம் உண்டு. எதில் 80 சதவீதம்? பாகங்களின் எண்ணிக்கையிலா, விலையிலா, எடையிலா? கைக்கு வராத 20 சதவீதத்தில் எது அடங்கியிருக்கிறது என்பதைப் பொருத்தே அந்த எண்ணுக்கு மதிப்பு உண்டாகும்.

ஓர் என்ஜினைப் பற்றிய அறிவை இரண்டாகப் பிரிக்கலாம். ஒரு பாகத்தை எப்படிச் செய்வது என்பது ஒன்று. வெப்பத்திலும் சுமையிலும் அந்தப் பாகம் எவ்வளவு காலம் உழைக்கும், முதல் விரிசல் எங்கே தோன்றும், தோன்றிய விரிசல் எத்தனை பயணங்களுக்குப் பிறகு ஆபத்தாகும் என்பது மற்றொன்று. முதல் வகை அறிவு வரைபடங்களாகவும் எந்திரங்களாகவும் கைமாறக்கூடியது. இரண்டாவது வகை, ஆயிரக்கணக்கான உலோகத் துண்டுகளைப் பல்லாண்டுகள் உடைத்துப் பார்த்துச் சேர்த்த பதிவேடுகளிலும், அவற்றிலிருந்து வடித்தெடுத்த கணித மாதிரிகளிலும் இருக்கிறது. அதைப் பொதுவாக எவரும் விற்பதில்லை.

இந்த வேறுபாட்டைத் தெளிவாகப் புரிந்துகொள்ள உதவும் பொருள், 'மெட்டல் மேட்ரிக்ஸ் காம்போசிட்' எனப்படும் உலோகக் கூட்டுப்பொருள். அலுமினியம், டைட்டானியம் போன்ற எடை குறைந்த உலோகத்துக்குள் சிலிக்கன் கார்பைடு போன்ற கடினமான பீங்கான் துகள்களையோ இழைகளையோ பொதிந்து செய்யப்படுவது அது. கான்கிரீட்டுக்குள் இரும்புக் கம்பி வைப்பதைப் போன்றது என்று எளிதாகச் சொல்லிவிடலாம். அமெரிக்க விண்வெளி ஓடத்தின் நடுப்பகுதிச் சட்டத்தில் போரான் இழை பொதிந்த அலுமினியக் குழாய்கள் இருந்தன. டொயோட்டா நிறுவனம் 1983-இல் டீசல் என்ஜின் பிஸ்டனில் வளையம் பொருந்தும் பள்ளத்தைப் பீங்கான் இழைகளால் வலுப்படுத்தியது. மின்சார ரயில் என்ஜின்களில் மின்னோட்டத்தை மாற்றித் தரும் மின்னணுத் தொகுதிகளின் அடித்தட்டுகளும் பெரும்பாலும் இந்த வகைதான்.

ஆனால், கான்கிரீட் உவமை ஓர் இடத்தில் தவறிவிடுகிறது. நம் விஷயம் தொடங்குவதும் அங்கேதான். இரும்பும் கான்கிரீட்டும் வெப்பத்தில் ஏறத்தாழ ஒரே அளவில் விரிபவை. இயற்கை தந்த அந்த ஒற்றுமை இல்லாதிருந்தால் சித்திரை வெயிலில் நம் வீட்டுத் தளங்கள் எல்லாம் பிளந்திருக்கும். அலுமினியத்துக்கும் சிலிக்கன் கார்பைடுக்கும் அந்தப் பொருத்தம் கிடையாது. ஒரு மீட்டர் நீள அலுமினியக் கம்பியை 100 டிகிரி செல்சியஸ் கூடுதலாகச் சூடாக்கினால் சுமார் 2.3 மில்லிமீட்டர் நீளும். சிலிக்கன் கார்பைடு நீள்வது சுமார் 0.4 மில்லிமீட்டர். உருக்கி வார்த்துக் குளிரவைக்கும்போதே உலோகம் சுருங்கப் பார்க்கிறது; உள்ளே இருக்கும் துகள் அதற்கு இணங்குவதில்லை. வெளியிலிருந்து எந்தச் சுமையும் ஏறுவதற்கு முன்பே, பொருளுக்குள் ஓர் இழுபறி குடியேறிவிடுகிறது.

இனி அந்தப் பாகத்தைச் சூடாக்கி, குளிரவைத்து, அதே நேரத்தில் சுமையையும் ஏற்றி இறக்கினால் என்ன ஆகும்? டைட்டானியத்துக்குள் சிலிக்கன் கார்பைடு இழைகளை வைத்துச் செய்த கூட்டுப்பொருளில் இது நுணுக்கமாக ஆராயப்பட்டிருக்கிறது. உச்ச வெப்பமும் உச்சச் சுமையும் ஒரே நேரத்தில் வந்தால், சூட்டில் இளகும் உலோகம் தன் பங்குச் சுமையை மெல்ல மெல்ல இழைகள் மீது தள்ளிவிடுகிறது. பாரம் தாங்காமல் இழைகள் ஒவ்வொன்றாக அறுகின்றன. மாறாக, சுமை உச்சத்தில் இருக்கும்போது பாகம் குளிர்ந்தும், சுமை இறங்கும்போது சூடாகியும் இருந்தால் இழைகள் பிழைத்துக்கொள்ளும். உலோகத்தின் மேற்பரப்பில் விரிசல் தொடங்கி, காற்றிலுள்ள ஆக்ஸிஜனின் துணையோடு உள்நோக்கி நகரும். வெப்ப அளவு அதுவே, சுமையும் அதுவே. இரண்டும் சேரும் வேளை மட்டும் மாறுகிறது. சேதம் நிகழும் இடமும் ஆயுளும் முற்றிலும் மாறிவிடுகின்றன.

சேதத்தை எண்ணால் குறிக்கும் முயற்சி புதியதன்று. சோவியத் அறிஞர் கச்சானவ் 1958-இல் முன்வைத்து, ரபோட்னவ் வளர்த்தெடுத்த கருத்து இது: பழுதற்ற பொருளின் சேதம் பூஜ்யம், முற்றிலும் சிதைந்ததன் சேதம் ஒன்று, இடைப்பட்ட பயணத்தைச் சமன்பாடாக எழுதலாம். ஒரே வார்ப்பில் வந்த இழைகளும் ஒரே வலிமையில் உடைவதில்லை என்பதைக் கணக்கில் கொள்ள ஸ்வீடன் நாட்டு வைபுல் தந்த புள்ளியியல் பரவல் கைகொடுக்கிறது. இன்றைய கணினிகளில் இழை, உலோகம், இரண்டும் ஒட்டும் மெல்லிய எல்லை ஆகிய மூன்றையும் தனித்தனியே வரைந்து, ஒரு சிறு கட்டத்தின் நடத்தையிலிருந்து முழுப் பாகத்தின் ஆயுளைக் கணக்கிடுகிறார்கள். கணிதம் நூலகங்களில் கிடைக்கிறது. அதற்கான மென்பொருளையும் விலைக்கு வாங்கலாம். சமன்பாட்டில் இட வேண்டிய எண்கள்தாம் கடையில் கிடைப்பதில்லை. அந்த எல்லை 500 டிகிரியில் எவ்வளவு இழுவிசையில் பிரியும் என்பதை அந்தப் பொருளை உடைத்துப் பார்த்தவர் மட்டுமே அறிவார்.

சேதத்தைக் கணிக்கத் தவறியதற்கு உலகம் கொடுத்த விலை சாதாரணமானதன்று. 1989 ஜூலை 19 அன்று அமெரிக்காவின் சியூ நகரில் யுனைடெட் நிறுவனத்தின் டிசி-10 விமானம் நொறுங்கி, அதிலிருந்த 296 பேரில் 112 பேர் இறந்தனர். வால்பகுதி என்ஜினின் டைட்டானியத் தட்டை வார்த்தபோது அதற்குள் சிக்கிய கடினமான சிறு பழுதிலிருந்து கிளம்பிய விரிசல், பதினைந்தாயிரத்துக்கும் மேற்பட்ட பயணங்களில் வளர்ந்து, தட்டை வெடிக்கச் செய்தது. பராமரிப்புச் சோதனையும் அதைக் கண்டுபிடிக்கவில்லை.

நமக்கு நெருக்கமான எடுத்துக்காட்டு பிராட் அண்ட் விட்னியின் ஜி.டி.எஃப். என்ஜின். நிக்கல் கலவை உலோகப் பொடியை அழுத்திச் செய்த தட்டுகளில் மாசு கலந்திருப்பதாகவும், எதிர்பார்த்ததைவிட முன்னதாக விரிசல் தோன்றக்கூடும் என்றும் அதன் தாய் நிறுவனமான ஆர்.டி.எக்ஸ். 2023 ஜூலையில் அறிவித்தது. 2015-இன் பிற்பகுதிக்கும் 2021-க்கும் இடையில் உற்பத்தியான பொடி அது. 600 முதல் 700 என்ஜின்கள் வரை கூடுதலாகக் கழற்றிச் சோதிக்கப்பட வேண்டும், 2024 முதல் 2026 வரை சராசரியாக 350 விமானங்கள் தரையில் நிற்கும் என்று செப்டம்பரில் மதிப்பிட்டது. அந்தக் காலாண்டில் மட்டும் அந்த நிறுவனம் எழுதிக்கொண்ட இழப்பு ஏறத்தாழ 300 கோடி டாலர். இந்தியாவில் இண்டிகோவின் விமானங்களில் எழுபதுக்கும் மேற்பட்டவை ஒரு கட்டத்தில் பறக்காமல் நின்றன. இதே குடும்ப என்ஜின்களை நம்பியிருந்த கோ ஃபர்ஸ்ட், இந்த அறிவிப்புக்கு முன்பே, 2023 மே மாதத்தில் திவால் மனு கொடுத்தது. பழுதான என்ஜின்களே காரணம் என்றது கோ ஃபர்ஸ்ட். பிராட் அண்ட் விட்னி அதை மறுத்தது. வழக்கு எப்படியிருந்தாலும் 2025 ஜனவரியில் அந்த விமான நிறுவனம் கலைக்கப்பட உத்தரவானது.

இந்த இரண்டு தட்டுகளும் கூட்டுப்பொருளால் ஆனவை அல்ல. இருந்தும் இங்கே சொல்லக் காரணம் உண்டு. சுத்தமான உலோகத்துக்குள் வழிதவறி வந்த ஓர் அந்நியத் துகள் இவ்வளவு செய்ய முடியும் என்றால், கூட்டுப்பொருளில் அத்தகைய கடினத் துகள்களைக் கோடிக்கணக்கில் நாமே தெரிந்து வைக்கிறோம். ஒவ்வொரு துகளின் ஓரமும் விரிசல் பிறக்கக்கூடிய இடம். ஆகவே அந்தப் பொருளில் சேதக் கணிப்பு என்பது வடிவமைப்பு முடிந்தபின் சேர்க்கும் பிற்சேர்க்கையாக இருக்க முடியாது. டைட்டானியக் கூட்டுப்பொருளால் சுழலும் வளையங்கள் செய்தால் என்ஜின் எடை பெருமளவு குறையும் என்பது நாற்பது ஆண்டுகளுக்கு முன்பே தெரியும். எஃப்-22 போர் விமான என்ஜினில், புகைபோக்கித் துவாரத்தை இயக்கும் பிஸ்டனில் அது இடம்பிடித்தது. பயணிகள் விமானத்தின் சுழலும் தட்டுக்கு அது இன்னும் வரவில்லை. விலை ஒரு காரணம். ஆயுளை உறுதியாகச் சொல்ல முடியாமை மற்றொரு காரணம்.

பொருளாதாரக் கண் கொண்டு பார்த்தால் அறியாமைக்கும் ஒரு விலை இருக்கிறது. என்ஜின் தட்டுகளுக்கு ஆயுள் வரையறுக்கும் மரபான முறையைப் பாருங்கள். ஆயிரம் தட்டுகளில் ஒன்றில், ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான விரிசல் தோன்றக்கூடும் என்று கணக்குச் சொல்லும் பயண எண்ணிக்கை வந்தவுடன், ஆயிரம் தட்டுகளையுமே கழற்றி எறிந்துவிடுவார்கள். 999 நல்ல தட்டுகள் குப்பைக்குப் போகின்றன. எது நல்லது என்று பிரித்தறியும் அறிவு இல்லாததற்கு நாம் கட்டும் வரி அது. அமெரிக்க விமானப் படை 1980-களில் எஃப்-100 என்ஜினுக்கு இந்த முறையைத் தளர்த்தியது. விரிசல் வளரும் வேகத்தைக் கணிக்கும் மாதிரிகளையும் நுண்ணிய பரிசோதனையையும் இணைத்து, பழுதில்லாத தட்டுகளை மீண்டும் பொருத்தியது. அதாவது, சேதக் கணிப்பு மாதிரியும் ஒரு மூலதனச் சொத்து. நிலக்கரிச் சுரங்கத்தைப்போல, மின் நிலையத்தைப்போல, ஆண்டுதோறும் வருமானம் தரக்கூடியது. நம் கணக்கேடுகளில் அதற்கு ஒரு தலைப்புக்கூட இல்லை என்பது வேறு விஷயம்.

அந்தச் சொத்தை அங்கே யார் உருவாக்கினார்கள்? சந்தையின் மகிமையைப் பாடும் நாட்டிலும் அரசுதான் பணம் கொடுத்தது. சியூ நகர விபத்துக்குப் பிறகு அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகத்தின் நிதியில், தென்மேற்கு ஆய்வு நிறுவனம் 'டார்வின்' என்ற மென்பொருளை உருவாக்கியது. போட்டியாளர்களான என்ஜின் நிறுவனங்கள் ஒரே மேசையில் அமர்ந்து தங்கள் அனுபவத் தரவுகளைப் பகிர்ந்துகொண்டன. உலோகக் கூட்டுப்பொருள்களின் கதை இன்னும் சுவையானது. 1986-இல் அதிபர் ரீகன் அறிவித்த, ஒலியைவிடப் பல மடங்கு விரைவாகப் பறக்க வேண்டிய எக்ஸ்-30 விமானம் ஒருநாளும் பறக்கவில்லை. 1990-களின் முற்பகுதியில் திட்டமே கைவிடப்பட்டது. ஆனால், அதற்காக டைட்டானியக் கூட்டுப்பொருள்களை வெப்பத்திலும் சுமையிலும் வாட்டி எடுத்த சோதனை முடிவுகள் நூற்றுக்கணக்கான அறிக்கைகளாக நின்றன. நாசா உருவாக்கிய நுண்ணளவுக் கணிப்பு மென்பொருள்களும் அந்தக் காலத்து முயற்சியில் வளர்ந்தவை. விமானம் தோற்றது, தரவு மிஞ்சியது. ஒருமுறை உருவானால் ஒருவர் பயன்படுத்துவதால் மற்றவருக்குக் குறையாத பொதுப்பண்டம் அது. பொதுப்பண்டத்தைத் தனியார் போதிய அளவில் உற்பத்தி செய்யமாட்டார்கள் என்பது எங்கள் துறையின் முதலாண்டுப் பாடம்.

இந்தியா இந்தத் துறையில் பின்தங்கித் தொடங்கிய நாடு அன்று. அலுமினியத்தை உருக்கி, துகள்களைக் கலக்கி வார்க்கும் முறையின் முன்னோடிகளில் ஒருவர் பிரதீப் ரோஹத்கி. திருவனந்தபுரத்திலும் போபாலிலும் மண்டல ஆய்வுக்கூடங்களை நிறுவி நடத்தியவர். பின்னாளில் அமெரிக்கா சென்று விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் பணியாற்றினார். அவர் பரப்பிய அந்தக் கலக்கி வார்க்கும் முறை இன்று தமிழகப் பொறியியல் கல்லூரிகளின் செல்லப்பிள்ளை. அனல் மின் நிலையச் சாம்பல், நெல் உமிச் சாம்பல், தேங்காய் ஓட்டுச் சாம்பல் என எதையும் அலுமினியத்தில் கலந்து பார்த்தாகிவிட்டது. முனைவர் பட்டங்களும் ஆய்வுக் கட்டுரைகளும் குவிந்துகொண்டே இருக்கின்றன. ஆய்வேடுகளைப் புரட்டினால் பொதுவாகக் கிடைப்பது அறை வெப்பநிலையில் கடினத்தன்மை, இழுவலிமை, தேய்மானம் ஆகிய மூன்று அட்டவணைகள். சூடும் சுமையும் சேர்ந்து மாறிமாறி வந்தால் பொருள் எத்தனை சுற்று தாங்கும் என்ற நான்காவது அட்டவணை அரிது.

மாணவர்களைக் குறை சொல்வது அநியாயம். ஒரு சிறு கணக்குப் போடுவோம். சூடேற்றிக் குளிர்விக்கும் ஒரு சுற்றுக்கு மூன்று நிமிடம் என்று வைத்துக்கொண்டால், 10,000 சுற்றுகளுக்கு 30,000 நிமிடங்கள், அதாவது ஏறத்தாழ 21 நாள்கள். இது ஒரே ஒரு துண்டுக்கு. ஐந்து வெப்ப அளவுகள், நான்கு சுமை அளவுகள், ஒவ்வொன்றிலும் புள்ளியியல் நம்பகத்துக்காகப் பத்துத் துண்டுகள் என்றால் மொத்தம் 200 துண்டுகள். ஒரே எந்திரம் இரவுபகலாக ஓடினால் பதினோர் ஆண்டுகளுக்கு மேல் ஆகும். பத்து எந்திரங்கள் இருந்தால் ஓராண்டு சொச்சம். நடுவில் மின்தடை வந்தால் அந்தத் துண்டு வீண். மூன்றாண்டில் பட்டமும், பதவி உயர்வுக்கு இத்தனை கட்டுரைகள் என்ற கணக்கும் இருக்கும் இடத்தில் எந்த ஆய்வாளர் இதில் இறங்குவார்? ஊக்கத்தொகை எதற்கோ உழைப்பும் அதற்கே. நான் பணியில் இருந்த நாள்களில் ஆய்வு நிதிக் குழுவொன்றில் அமர்ந்தபோது, எந்திரம் வாங்கப் பணம் கேட்ட விண்ணப்பங்கள் வரும். வாங்கிய எந்திரத்தை ஐந்தாண்டு ஓட்ட மின்கட்டணமும் தொழில்நுட்பப் பணியாளரின் ஊதியமும் கேட்ட விண்ணப்பம் ஒன்றுகூட வந்ததில்லை. கேட்டிருந்தாலும் விதிகளில் இடமில்லை என்றே எழுதியிருப்போம்.

காவிரி என்ஜின் திட்டத்தையும் இந்த வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். 1989-இல் ஒப்புதல் பெற்ற அந்தத் திட்டம் 2008-இல் தேஜஸிலிருந்து பிரிக்கப்பட்டது. அதைத் 'தோல்வி' என்று ஒரே சொல்லில் கடந்துவிடுவது வழக்கமாகிவிட்டது. உயர்வெளிச் சூழலிலும், பறக்கும் விமானத்தில் ஏற்றியும் அந்த என்ஜினைச் சோதிக்க நாம் ரஷியாவுக்குப் போக வேண்டியிருந்தது என்பதை எத்தனை பேர் பொருட்படுத்தினோம்? சோதிக்கும் வசதி சொந்தமாக இல்லாத நாடு, சோதனை நேரத்தையும் அடுத்த நாட்டின் நாள்காட்டியைப் பார்த்துத்தான் கேட்டு வாங்க வேண்டும்.

அரசு சும்மா இருக்கிறது என்று சொல்ல முடியாது. பாதுகாப்புச் சோதனைக் கட்டமைப்புக்காக 2020-இல் ரூ.400 கோடித் திட்டம் வந்தது. செலவில் 75 சதவீதம் வரை அரசு மானியம். 2025 ஜூலையில் ஆராய்ச்சி, மேம்பாடு, புத்தாக்கத்துக்காக ரூ.1 லட்சம் கோடி நிதிக்கு மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. பெரிய தொகை, வரவேற்கத்தக்கது. ஆனால், அதன் வடிவத்தைக் கவனிக்க வேண்டும். ஓரளவு முதிர்ந்த தொழில்நுட்பங்களைச் சந்தைக்குக் கொண்டுவரும் தனியாருக்குக் குறைந்த வட்டியில் அல்லது வட்டியின்றி நீண்டகாலக் கடன் என்பதே அதன் மையம். கடன் என்றால் திருப்பிக் கட்ட ஒருவர் வேண்டும். 200 உலோகத் துண்டுகளை உடைத்து, முடிவுகளை எல்லோருக்கும் திறந்து வைக்கும் வேலைக்கு எந்த நிறுவனம் கடன் வாங்கும்? லாபம் நாடெங்கும் சிதறிப் போகும் அந்தப் பணிக்குக் கடன் பொருந்தாது, மானியம்தான் பொருந்தும். நாட்டின் மொத்த உற்பத்தியில் 0.64 சதவீதம் மட்டுமே ஆராய்ச்சிக்குச் செலவிடும் நாம், அந்தச் சிறு தொகையையும் பொருந்தாத குழாய் வழியே அனுப்பினால் சேர வேண்டிய இடத்துக்குச் சேராது.

செய்யக்கூடியவை எட்டாத உயரத்தில் இல்லை. திருச்சி, சென்னை, பெங்களூரு போன்ற, உலோகவியல் ஆய்வு ஏற்கெனவே வேரூன்றிய இரண்டு மூன்று ஊர்களில், வெப்பமும் சுமையும் இணைந்த சோதனைக்கென்றே கூட்டு மையங்கள் அமைக்கலாம். அவற்றுக்கான நிதியை எந்திரத்தின் விலையைக் கொண்டு அளக்காமல், ஆண்டில் எத்தனை மணி நேரம் சோதனை ஓடியது என்பதைக் கொண்டு அளக்கலாம். அங்கே கிடைக்கும் முடிவு, உடைந்தது உட்பட, எதிர்பார்த்ததற்கு மாறானது உட்பட, பொதுத் தரவகத்தில் சேர வேண்டும் என்று விதிக்கலாம். கட்டுரை எழுதாமல் தரவு மட்டும் தந்த ஆய்வாளருக்கும் பதவி உயர்வில் மதிப்பெண் தரலாம். கடைசியாகச் சொன்னதற்குப் பணம்கூடத் தேவையில்லை. பல்கலைக்கழக மானியக் குழு ஒரு சுற்றறிக்கை அனுப்பினால் போதும்.

அதற்கு முன் கையெழுத்தாக வேண்டிய தாள்கள் சில நம் முன் இருக்கின்றன. சாஃப்ரானுடன் சேர்ந்து உருவாக்கும் என்ஜினுக்கான ஒப்பந்தத்தில் எத்தனை சதவீதம் என்ற பேரத்தோடு நின்றுவிடாமல், சுழலும் பாகங்களின் பொருள் சோதனைகளில் எத்தனை இந்திய மண்ணில் நடக்கும், அவற்றின் மூலப் பதிவுகள் யார் பெயரில் இருக்கும், ஒரு தட்டின் ஆயுளை மாற்றி எழுத வேண்டி வந்தால் கணக்குப் போடும் உரிமை பெங்களூருவில் இருப்பவருக்கு உண்டா என்பவற்றைத் தனித்தனி உட்பிரிவுகளாகவே எழுதிக் கேட்க வேண்டும். எதிர்த்தரப்பு மிகவும் தயங்குவது எந்த உட்பிரிவில் என்று பார்த்தாலே, அந்த 20 சதவீதத்தில் என்ன இருக்கிறது என்பது தெரிந்துவிடும்.